காலஞ்சென்ற என்ற சொல்

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் ஒருவர் இறந்து 31 ஆம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து, பந்தி எழுந்து, வந்தவர்கள் வெற்றிலைத் தட்டத்தடியில் நிற்கும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். முன் அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். அதன் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு திகதிகள். இந்தப் புத்தகத்துக்கு எங்களூரில் பெயர் கல்வெட்டு. தமிழ்நாட்டு நண்பர்களிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் அவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரை நினைக்கிறார்கள். கல்லும் இல்லாமல் வெட்டும் இல்லாமல் 24 பக்கக் கடதாசியை எப்படிக் கல்வெட்டு என்கிறீர்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

கேள்வி நியாயமானது. ஈழத்திலே இந்தச் சொல் கல்லை விட்டு இறங்கி நெடுங்காலம் ஆகிறது. கவிராசவரோதயர் பாடியதாகச் சொல்லப்படும் கோணேசர் கல்வெட்டு ஏட்டில் எழுதப்பட்ட நூல். திருக்கோணேச்சரத்தின் திருப்பணியையும், யார் யாருக்கு என்ன தொழும்பு, என்ன உரிமை என்பதையும் சொல்வது. மட்டக்களப்புப் பகுதியிலும் கோயில் நடைமுறைகளைச் சொல்லும் பழம்பாடல்களுக்குக் கல்வெட்டு என்ற பெயர் உண்டு. அழியாமல் இருக்கவேண்டியது, பின்னால் வருபவன் மறுக்க முடியாதது எதுவோ அதற்குக் கல்வெட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இறந்தவருக்குக் கல் நடுவது எப்படி என்று தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்லும் மரபின் நினைவும் இதற்குள் எங்கோ கிடக்கலாம் என்பது என் எண்ணம். அதை ஆதாரத்தோடு நிறுவ நான் இங்கே முனையவில்லை.

உள்ளே என்ன இருக்கும் என்பது வாசகர்களில் பலருக்குத் தெரியும். விநாயகர் துதி. அடுத்ததாகத் திதி வெண்பா. இறந்தவர் எந்தத் தமிழ் வருடம், எந்த மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா, எந்தத் திதியில் சிவபதம் அடைந்தார் என்பதை நான்கு அடிக்குள் அடக்கவேண்டும், பெயரும் ஊரும் வரவேண்டும், தளையும் தட்டக்கூடாது. பஞ்சபுராணம், சிவபுராணம். பிறகு வாழ்க்கை வரலாறு. அதன் பின்னால் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று முறைப்படி செய்யுள்கள். புலம்புகிறவர்கள் அவற்றை எழுதியதில்லை. ஊரில் ஒரு புலவரோ ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார். கடைசியில் வம்சாவளி, நன்றி நவிலல். சில வீடுகளில் கந்தசஷ்டி கவசத்தைச் சேர்ப்பார்கள், புத்தகத்தை யாரும் எறிந்துவிடக் கூடாது என்ற முன்யோசனையோடு.

இது அச்சுக்கூடத்தோடு வந்த வழக்கம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் மானிப்பாயில் அச்சடித்தார்கள். அதற்குப் பதில் சொல்வதுபோல ஆறுமுகநாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் அமைத்தார். சமயச் சண்டைக்காக வந்த எழுத்துக்கள் பிறகு கலியாணக் கடிதத்துக்கும் சாவீட்டுக்கும் வேலை செய்யத் தொடங்கின. பெரியவர்கள் இறந்தால் சரமகவி பாடித் தனித்தாளில் அச்சிடும் வழக்கம் இருந்தது. ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலைபார்த்துப் பென்சனோடு திரும்பிவந்த காலத்தில் ஒரு தாள் போதாமல் போயிருக்கவேண்டும். ஈப்போவில் எத்தனை வருடம், தைப்பிங்கில் எத்தனை வருடம், எந்தத் துரையிடம் நற்சான்று, ஊருக்குத் திரும்பி எந்தக் கோயிலின் மணிக்கூட்டுக் கோபுரம் என்று எழுத விசயங்கள் இருந்தன. பழைய கல்வெட்டுகளைப் புரட்டினால் அந்தப் புலப்பெயர்வின் வரலாறு அதிலே கிடக்கிறது. சரித்திர ஆசிரியர்கள் கண்டுகொள்ளாத வரலாறு.

ஆனால் யாருடைய வரலாறு என்றும் கேட்கவேண்டும். காணியும் வம்சாவளியும் உள்ளவர்களுக்கே கல்வெட்டு. பெண்கள் அதிலே இன்னாரின் மகளாகவும் இன்னாரின் மனைவியாகவும் வந்துபோவார்கள். பந்தியில் சமமாக உட்கார விடப்படாதவர்களுக்குப் பந்தி முடிந்து கொடுக்கும் புத்தகம் மட்டும் எங்கிருந்து வரும்?

இதை எனக்கு முதலில் சொன்னவர் பிறஸ் மாமா. அவர் எங்களுக்கு உறவில்லை. சாதியும் ஒன்றில்லை. ரவுணில் ஓர் அச்சுக்கூடத்தில் 1955 இல், 18 வயதில், அச்சுக்கோர்க்கச் சேர்ந்தவர். பிறகு சிறிதாக ஒரு ரெடில் மெசினோடு சொந்தமாகத் தொடங்கினார். 40 வருடத்தில் எத்தனை நூறு கல்வெட்டுகள் அவருடைய விரல்களுக்கிடையால் போயிருக்கும் என்று அவருக்கே கணக்கில்லை. அவருடைய தகப்பனுக்குக் கல்வெட்டு இல்லை. "எங்களுக்கு ஆர் தம்பி வரலாறு எழுதிறது? எழுத்துத்தான் என்ர கையில இருந்தது" என்று ஒருமுறை சொன்னார். கசப்போடு சொன்னதாகத் தெரியவில்லை. வேலைபார்த்துக்கொண்டே சொன்னார்.

ஈய எழுத்தின் காலத்து வேலையைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் தனி ஈயத்துண்டு. அறை அறையாகப் பிரித்த மரத்தட்டில் கிடக்கும். தலைகீழாகவும் இடவலம் மாறியும் வாசித்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்க்கவேண்டும். அச்சடித்து முடிந்ததும் கழுவி, பிரித்து, அந்தந்த அறையில் திருப்பிப் போடவேண்டும். மாமா எல்லாவற்றையும் பிரிப்பார், சிவபுராணத்தை மட்டும் பிரிக்கமாட்டார். 95 அடியையும் கோர்த்தபடி நூலால் சுற்றிக் கட்டிச் சுவரோரம் வைத்திருப்பார். அடுத்த சாவுக்கு அப்படியே தூக்கி வைக்கலாம். முன்பக்கத்தில் பெயரையும் திகதியையும் படத்துக்கான புளொக்கையும் மாற்றினால் போதும். பத்துப் பதினைந்து வருடம் கட்டவிழாமல் இருந்த சிவபுராணம் அது. தேய்ந்துபோன எழுத்தை மட்டும் ஊசியால் கெல்லி எடுத்து வேறு வைப்பார்.

வாழ்க்கை வரலாறுகளை அவர் நம்பியதில்லை. எல்லோரும் வறியோர்க்கு ஈந்தவர்கள், எல்லோரும் சிரித்த முகத்தினர். "முழுக்கப் பொய்தான். ஆனா எழுத்துப்பிழை இல்லாத பொய்யா இருக்கவேணும்" என்பார். திதியில் மட்டும் மிகக் கவனம். வாக்கிய பஞ்சாங்கத்தையும் திருக்கணித பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புலவர் எழுதிய வெண்பாவைச் சரிபார்த்துத்தான் கோர்ப்பார். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. சில திதி 19 மணித்தியாலத்தில் முடிந்துவிடும், சில 26 வரை நீளும். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் இடையில் நாழிகைகள் வேறுபடும். பிழையான திதியை அச்சிட்டால் வருடாவருடம் பிழையான நாளிலே பிள்ளைகள் படைப்பார்கள் என்பது அவருடைய பயம். வரலாறு பொய்யாக இருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை, திதி பொய்யானால் செத்தவன் பட்டினி கிடப்பான் என்று சொல்வார்.

என் அப்பா தபாலதிபர். தெற்கிலே பல ஊர்களில் வேலைபார்த்தவர். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் நின்றால் பெரிது. மற்ற நாட்களில் வீட்டுக்கு வெளியே செய்யவேண்டியதை எல்லாம் பிறஸ் மாமாதான் செய்தார். நான் பிறந்த இரவு அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர் பிடித்துவந்த காரில். அப்பாவும் அவரும் எப்படிச் சிநேகிதமானார்கள் என்பதற்கு வீட்டில் இரண்டு கதைகள் உண்டு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அப்பா லீவில் வந்தால் இருவரும் விறாந்தையில் இருந்து பத்திரிகையின் மரண அறிவித்தல்களை வாசிப்பார்கள். மாமா அதிலே எழுத்துப்பிழை தேடுவார், அப்பா தனக்குத் தெரிந்த பெயர் தேடுவார்.

அந்த அறிவித்தல்களின் மொழியைப் பற்றி யாராவது ஒரு நாள் ஒழுங்காக ஆராயவேண்டும். இலங்கை வானொலியில் அது ஒலிக்கும்போது சமையலறையில் அகப்பை அப்படியே நின்றுவிடும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான இன்னார் இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார் இன்னாரின் அன்புத் தந்தையும், இன்னாரின் மைத்துனரும் ஆவார். ஒரே வசனம். ஒரு மனிதனைச் சுற்றியிருந்த அத்தனை பேரையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகும் வசனம். பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று வந்தால் அந்தப் பக்கம், வராவிட்டால் இந்தப் பக்கம். வெளிநாட்டுக்கு வந்த பிறகு பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி சேர்ந்தது. கனடா, சுவிஸ், நோர்வே, யேர்மனி. 1983 க்குப் பிறகு வந்த அறிவித்தல்களை வருட ஒழுங்கில் அடுக்கி அடைப்புக்குறிகளை மட்டும் எண்ணினால் எங்கள் சிதறலின் கணக்கு வந்துவிடும்.

இந்த வசனத்தில் சிநேகிதனுக்கு இடமில்லை. மைத்துனருக்கு உண்டு, சகலனுக்கு உண்டு, சம்பந்திக்கு உண்டு. சிநேகிதன் கடைசி வரியில் உற்றார் உறவினருக்குப் பின்னால் பன்மையில் வருவான். 1987 இல் அப்பா இறந்தபோது கல்வெட்டை மாமா தானே கோர்த்தார். காசு வாங்கவில்லை. நன்றி நவிலலில் அம்மா சொல்லி நான் எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியில் அவருடைய பெயர் தனியாக, ஒரு முழு வசனமாக இருந்தது. அச்சாகி வந்தபோது அந்த இடத்தில் "நண்பர்கள்" என்று இருந்தது. அம்மா புத்தகத்தோடு அச்சுக்கூடத்துக்கே போய்விட்டா. "உங்கட பேரை எடுக்க உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?" என்று கேட்டா. மாமா பதில் சொல்லவில்லை, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் அக்காவின் சாதகத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவரும் அவர்தான். சில வீடுகளில் அவரை முற்றத்தில் நிற்கவைத்துப் பேசினார்கள் என்பதை நாங்கள் பல வருடங்களுக்குப் பிறகே அறிந்தோம்.

பறம்பை மூவேந்தர் முற்றுகையிட்டார்கள், பாரி இறந்தான். அவன் பிள்ளைகள் இருவரும் தகப்பனை நினைத்துச் சொன்ன சிறு பாட்டொன்று புறநானூற்றில் 112 ஆவதாக இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய், இவர்கள் பாரியின் மக்கள், நான் இவன் தோழன், மணந்துகொள் என்று கேட்ட பாட்டுகளும் அதே தொகையில் உண்டு. இருவரும் மறுத்தார்கள். எங்கள் தமிழாசிரியர்கள் கபிலரைக் குறிஞ்சி பாடிய புலவராகப் படிப்பித்தார்கள். இறந்த சிநேகிதனின் குமர்களைக் கரைசேர்க்க நடந்து திரிந்த கிழவராக யாரும் படிப்பிக்கவில்லை. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று, உண்மையான கல்லில் வெட்டியது, கபிலர் பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றில் உள்ள கல்லிலே தீப்புகுந்தார் என்று சொல்கிறது. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அந்தக் கல்வெட்டுக்கும் இடையில் பல நூற்றாண்டு. அவ்வளவு காலம் கழித்தும் ஒரு குடும்ப சிநேகிதனுக்குக் கல்லிலே தனி இடம் கிடைத்திருக்கிறது.

1990 ஆனியில் மீண்டும் யுத்தம் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு வரும் பொருட்கள் தடைப்பட்டன. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துத் துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த காலம். கடதாசி வரத்துக் குறைந்து, பத்திரிகைகள் கோடுபோட்ட கொப்பித்தாளில் வந்தன. கல்வெட்டும் அப்படித்தான். காலால் மிதிக்கும் மெசினுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் மாமாவின் வேலை நிற்கவில்லை, சாவும் குறைவாக இருக்கவில்லை. ஆனால் பக்கங்கள் சுருங்கின. 32 பக்கம் 16 ஆகி 8 ஆகியது. முதலில் வம்சாவளி போனது, பிறகு மருமக்கள் புலம்பல். அதே வருடம் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது, அதற்குப் பிறகு நீண்ட காலம் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போக முடியவில்லை. வில்லூன்றியிலும் வேறு கரைகளிலும் காரியத்தை முடித்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. நாலைந்து இலட்சம் பேர், மழை. மாமா வெளிக்கிடுமுன் எழுத்துகளைச் சாக்கில் கட்டிக் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனார். 1996 சித்திரையில் சனம் திரும்பியபோது அவரும் திரும்பினார். சாக்கைத் தோண்டி எடுத்திருந்தார்கள். ஈயத்துக்கு அந்த நாட்களில் எல்லாத் தரப்பிடமும் வேறு தேவை இருந்தது. நூலால் கட்டிய சிவபுராணமும் போய்விட்டது.

அந்த வருடம் ஆடியில் அவருடைய மூத்த மகன், 24 வயது, பின்னேரம் சைக்கிளில் போனவன் வரவில்லை. சோதனைச் சாவடி ஒன்றுக்கு அப்பால் சைக்கிளைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு அவரும் தான் காணவில்லை என்றார். 1996 இல் யாழ்ப்பாணத்தில் இப்படிக் காணாமற் போனவர்கள் 600 பேரளவில் என்று சர்வதேச மன்னிப்புச் சபை கணக்குச் சொன்னது. 1998 இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட படைச்சிப்பாய் ஒருவர் நீதிமன்றத்தில் செம்மணியைப் பற்றிச் சொன்னார். 1999 இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. மாமாவும் மாமியும் அங்கே போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். மகனுடையது என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

இங்கேதான் கல்வெட்டு என்ற அந்த முழு அமைப்பும் கைவிரித்துவிடுகிறது. திதி வெண்பா எழுதத் திதி வேண்டும். வருடம் தெரியும், மாதம் ஆடியாக இருக்கலாம், ஆவணியாகவும் இருக்கலாம், வரவேயில்லாமலும் இருக்கலாம். பக்கம்? திதி? தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசையும் தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமியும் என்று எங்களூர் வகுத்திருக்கிறது. திதி தெரியாவிட்டாலும் அந்த நாளில் பிடித்துக்கொள்ளலாம். காத்தோட்டிக்காய்க் கறியோடு ஆடி அமாவாசைச் சமையல் இல்லாத சைவ வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால் பிள்ளையைத் தொலைத்த தகப்பனுக்கு என்று ஒரு நாள் பஞ்சாங்கத்தில் கிடையாது. அப்படி ஒரு நாள் தேவைப்படும் என்று முன்னோர் நினைக்கவில்லைப் போலும்.

அரசாங்கம் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னது. எடுத்தால் நட்டஈடு. 2016 இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தவர் என்று சொல்லாமல் காணாமற் போனவர் என்று சான்றிதழ் கொடுக்க வழிசெய்தார்கள். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி இருந்த தாய்மார் இரண்டையும் கேட்கவில்லை. பிள்ளை எங்கே என்றுதான் கேட்டார்கள். அவர்களில் பலர் விடை தெரியாமலே செத்துப்போனார்கள். அவர்களுடைய மரண அறிவித்தல்களை நான் தேடி வாசித்திருக்கிறேன். பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதமாகத் தடுமாறியிருக்கிறது.

மாமாவும் மாமியும் 2001 இல் மகளிடம் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். குளிரைப் பற்றி அவர் முறையிட்டதில்லை. கொம்பியூட்டரில் தமிழ் தட்டுவதை முதலில் கண்டபோது, பிரிக்காமலே அழியுது என்று ஆச்சரியப்பட்டார். 2005 இல் நூலகம் திட்டம் தொடங்கி ஈழத்து வெளியீடுகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. பிறகு நினைவு மலர்களும் கல்வெட்டுகளும் நூற்றுக்கணக்கில் அதிலே சேர்ந்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. கல்வெட்டுகள் அலுமாரிக்குள்ளும் சாமியறைத் தட்டிலும் வீட்டுக்கு வீடு சிதறிக் கிடந்ததால் ஒரு பகுதி தப்பியது. பேரன் அதைத் திறந்து கொடுத்தால் மாமா மணிக்கணக்காக இருப்பார். இறந்தவர் யார் என்று பார்ப்பதில்லை. எழுத்தைப் பார்ப்பார். "இது எங்கட பிறஸ். இந்த ழகரத்தின்ர வால் உடைஞ்சது, பார்" என்று காட்டுவார். எங்கள் அப்பாவின் கல்வெட்டையும் நான் அனுப்பி ஏற்றுவித்தேன். அதைக் கடைசிப் பக்கம்வரை தள்ளிக்கொண்டுபோய், ஒன்றும் சொல்லாமல் மூடினார் என்று மகள் எனக்கு ரெலிபோனில் சொன்னாள்.

2025 இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் எலும்புகள் வெளிப்பட்டன. அந்த ஓகஸ்டில், கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் அடையாளம் காண்பதற்காகப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். மருமகன் தன் ரெலிபோனில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்ட, மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நீலநிறப் பள்ளிக்கூடப் பை ஒன்றில் நிறுத்தி, "இது சின்னப்பிள்ளையின்ர" என்றார். பிறகு பார்க்கவில்லை.

ஒக்ரோபர் 28 ஆம் திகதி இரவு பதினொன்றரை மணிக்கு, 88 வயதில், நித்திரையில் போனார். அங்கே அது 28, இலங்கையில் விடிந்து 29. திதி மாறுவதற்குக் கிட்டிய நேரம். ஐயர் கணக்குப் பார்த்து விசுவாவசு வருடம் ஐப்பசி மாதம் பூர்வபக்க சப்தமி என்றார். இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்தீர்களா என்று மகள் கேட்டாளாம். தகப்பனிடம் கற்றது. நான் விமானமேறிப் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் திதிப் பிரச்சினை முடிந்து அறிவித்தல் பிரச்சினை நடந்துகொண்டிருந்தது.

அன்புத் தந்தையும் என்ற இடத்தில் மூன்று பெயர்கள். மூத்தவன், மகள், இளையவன். மூத்தவனின் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? சுவிசிலிருந்து வந்த இளையவன், காலஞ்சென்ற என்று போடவேண்டும் என்றான். 29 வருடமாயிற்று, அம்மாவுக்காக எத்தனை காலம் இதைச் சொல்லாமல் இருப்பது, கொள்ளி வைக்கப்போவது நான் என்றான். அவன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. மூத்தவன் இருந்தால் அவனுடைய உரிமை அது. மருமகன், பெயரை விட்டுவிடலாம் என்றார், உடனே தானே இல்லை என்றார். அரசியலில் ஈடுபாடுள்ள ஒரு உறவினர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் உலகம் அறியும் என்றார். மாமி கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. 82 வயது.

"அவன் காலஞ்சென்றவன் எண்டு உங்கட ஐயா ஒருநாளும் எழுத்துக் கோர்க்கேல்லை" என்றா. "இப்ப அவருக்குத் தெரியாமல் போடுறியளோ?"

மகள் அறிவித்தலை எழுதினாள். மூத்தவனின் பெயர் முதலில், முன்னால் ஒரு சொல்லும் இல்லாமல். பின்னால் அடைப்புக்குறிக்குள் யாழ்ப்பாணம். அவனை அவர்கள் கடைசியாகக் கண்ட ஊர் அது. அடுத்தது மகள், கனடா. அடுத்தது இளையவன், சுவிஸ். இளையவன் வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். கல்வெட்டும் அதே ஒழுங்கில் 24 பக்கத்தில் வந்தது. திதி வெண்பாவை ரொறன்ரோவில் இருக்கும் ஒரு பழைய தமிழ் வாத்தியார் எழுதினார். வாழ்க்கை வரலாற்றை என்னிடம் தந்தார்கள். வறியோர்க்கு ஈந்தவர் என்று நான் எழுதவில்லை. சிவபுராணத்தைப் பிரிக்காமல் வைத்திருந்ததையும், அக்காவின் சாதகத்தோடு அவர் ஏறி இறங்கிய படிகளையும் எழுதினேன். எங்கள் வீட்டு நன்றி நவிலலில் அவர் எடுத்துவிட்ட பெயரை அம்மா சொன்ன அதே வசனத்தில் திருப்பிப் போட்டேன். அவருடைய தகப்பனின் பெயரையும் தகப்பனின் தகப்பன் பெயரையும் மாமியிடம் கேட்டு எழுதினேன். வம்சாவளி அரைப் பக்கம்கூட வரவில்லை.

அறிவித்தல் வெளிவந்த இரண்டாம் நாளிலிருந்து ரெலிபோன் ஓயவில்லை. ஊரில் அயலில் இருந்தவர்கள், அச்சுக்கூடத்தில் வேலை பழகியவர்கள், முப்பது வருடமாகக் கதைக்காதவர்கள் எல்லாரும் எடுத்தார்கள். லண்டனிலிருந்து எடுத்த ஒரு அம்மா மாமியோடு அழுது முடித்துவிட்டு, மூத்தவர் வந்திட்டாரோ, விசாக் கிடைச்சதோ என்று கேட்டா. மாமி ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தா.

"ஓம் பிள்ளை, இன்னும் வரேல்லை" என்றா.